ருவாண்டாவின் விதவைகள் கேட்ட பங்கு

1994-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் தொடங்கி ஏறக்குறைய நூறு நாட்களுக்குள், பெரும்பாலும் டுட்ஸி இனத்தவரான சுமார் 8 லட்சம் மக்கள் கொன்று குவிக்கப்பட்ட ருவாண்டாவில், உயிர் பிழைத்தவர்களுள் பெண்களே மிகுதியாக இருந்தார்கள். கணவனையும் மக்களையும் பறிகொடுத்து, பலாத்காரத்துக்கு இலக்காகி, பலர் எய்ட்ஸ் நோயையும் சுமந்து நின்ற அந்த ஸ்திரீகளின் தலைமேல்தான் தேசத்தை மறுபடி நிர்மாணிக்கும் பாரமும் வந்து விழுந்தது.

டபா என்னும் வட்டாரத்தின் தலைவராயிருந்த ழான் பால் அகாயேசுவின்மீது, அந்தப் படுகொலையை விசாரிக்க டான்ஸானியாவின் அருஷா நகரத்தில் அமைந்த சர்வதேச நீதிமன்றம் 1997 ஜனவரியில் விசாரணையை ஆரம்பித்தபோது, குற்றப்பத்திரிகையில் பலாத்காரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாதுகாப்புக் கருதிப் பெயர் மறைக்கப்பட்டு, ‘ஜே’ என்ற ஓர் எழுத்தால் மட்டுமே குறிக்கப்பட்ட ஒரு தாய், தம் ஆறு வயது மகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை, யாரும் கேளாமலே சாட்சிக் கூண்டில் நின்று எடுத்துரைத்தார். பின்னர் ‘எச்’ என்ற பெண்மணியும் வாய் திறந்தார். நீதிபதிகள் மூவருள் ஒரே பெண்மணி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. இச்சாட்சியங்களுக்குப் பின், அவ்வருஷம் ஜூன் மாதம் பலாத்காரத்தையும் சேர்த்துக் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி, பலாத்காரமும் இனப்படுகொலைச் செயலாகக் கூடும் என்று முதன்முதலாக ஒரு சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட நூல்கள் அத்தீர்ப்பை அகாயேசுவின் பெயரால் வழங்குகின்றன. அதற்கு வழி திறந்த அந்தத் தாயின் பெயரை அவை சொல்ல முடியாதென்பது என் மனத்தை விட்டு அகலாத வருத்தம்.

ஆயினும் தீர்ப்பு வயிற்றை நிரப்பாது. உழுது பிழைக்கும் அந்நாட்டில், நிலம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதே வழக்கமாக இருந்தது. புருஷனை இழந்தவள் அவன் சகோதரர்களின் தயவை எதிர்பார்த்தே அவனுடைய காணியில் காலூன்ற வேண்டியிருந்தது. அந்தச் சகோதரர்களும் மாண்டுபோன பின், ஒன்றுவிட்ட உறவினர் யாரேனும் வந்து வேலியைப் பிடுங்கினால் அவள் எங்கே போவாள்? 1995-இல் விதவைகள் ஐம்பது பேர் கூடி ‘அவேகா’ என்ற சங்கத்தை நிறுவினார்கள். பெண்கள் அமைப்புகள் பலவும் விடாது வற்புறுத்தியதன் பயனாக, மகனைப் போலவே மகளுக்கும் பிதுரார்ஜிதத்தில் உரிமையுண்டு என்ற சட்டம் 1999-இல் நிறைவேறியது.

2003-ஆம் வருஷத்து அரசியல் சாசனம் தீர்மானம் செய்யும் பதவிகளில் நூற்றுக்கு முப்பதேனும் பெண்களுக்கென்று விதித்ததையும், 2013-இல் பிரதிநிதிகள் சபையின் 80 இடங்களில் 51 பெண்கள் வசமானதையும் உலகம் வியந்து போற்றுகிறது. போற்றத்தக்கதே; ஆனால் அதிகாரம் ஜனாதிபதியிடமே குவிந்திருக்கும் ஓர் ஆட்சியில், சபையின் ஆசனங்களைவிட நிலப் பத்திரத்தில் ஏறிய பெண்ணின் பெயரையே நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தப் பத்திரத்திலும் ஒரு குறை உண்டு. கணவனின் சொத்தில் மனைவிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அரசாங்கத்தில் பதிவு செய்த விவாகத்தையே ஆதாரமாகக் கொண்டது. ஊரறிய வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று, பதிவு மட்டும் செய்யாத பெண்களும், ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவர்களும் அதற்குப் புறத்தே நிற்கிறார்கள். அழிந்த வீடுகளை மண் குழைத்து மறுபடி எழுப்பியவர்களில் அவர்களும் உண்டு.