உஷார்! இழுப்புச் சத்தம் அடங்கிவிட்டதா?

பகலெல்லாம் ஓடியாடும் பிள்ளை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமினால், திண்டுக்கல்லில் முதல் பழி சிறுமலை வாழைப்பழத்தின் மேல்தான். பாவம், அந்தப் பழம்! கட்டிலுக்கடியில் புகையும் கொசுவர்த்தியை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரே ஒரு சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-லேயே ஓர் ஆய்வு சொன்னது. வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் முடித்து வருபவர்களே, தலையிலும் சட்டையிலும் ஒட்டிய பஞ்சோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். முதலில் குளியுங்கள்.

ராத்திரி இருமல் திரும்பத் திரும்ப வருகிறதா? ஓடினால், சிரித்தால் இழுக்கிறதா? டானிக் மேல் டானிக் வாங்குவதை விட்டு, ஆஸ்துமாவா என்று குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். இன்ஹேலர் என்றதும் "ஐயையோ, பழகிடும்" என்று அலறும் பாட்டிகளுக்கு ஒரு கணக்கு: நீல இன்ஹேலரின் ஒரு பஃப்பில் சால்புட்டமால் 100 மைக்ரோகிராம், அதே மருந்து 2 மில்லிகிராம் மாத்திரையில் இருபது மடங்கு! ஆனால் நீலம் மூச்சுக்குழாயை விரிக்கும், அவ்வளவுதான். உள்வீக்கத்தை வற்றவைப்பது தினமும் இழுக்கும் தடுப்பு இன்ஹேலர். பிள்ளை தேறிவிட்டது என்று அதை நீங்களாக நிறுத்தினால், மார்கழிப் பனியில் ஒரு சாதாரணச் சளி போதும், ஆஸ்பத்திரி வரை இழுத்துவிடும்.

இழுப்பு வந்தால் லைட்டைப் போட்டுச் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சுக்கு மூச்சு விலா இடுக்கில் தோல் குழிகிறதா? மூக்கு விடைக்கிறதா? சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க முடியவில்லையா? உதடு நீலம் பாரிக்கிறதா? எல்லாவற்றையும்விட மோசம், 'உய்ய் உய்ய்' சத்தம் அடங்கிப் பிள்ளை துவள்வது. "அப்பாடா, தூங்கிட்டான்" என்று போர்த்திவிடாதீர்கள்! சத்தம் எழுப்பக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். உடனே 108. நத்தமோ வடமதுரையோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி வரும்வரை பிள்ளையை உட்காரவைத்து, ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வழியாக நீல இன்ஹேலரை ஒவ்வொரு பஃப்பாக, டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் கொடுங்கள்.

இன்றே அந்த இன்ஹேலரை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 200 பஃப்தான். மருந்து தீர்ந்த பிறகும் 'புஸ்' என்று வாயு வரும். அதை நம்பி ஏமாறாதீர்கள்.