தகவல் துளி: பாக்குத் தோப்பு முதல் கேரட் தோட்டம் வரை

நீலகிரியில் ஏற ஏறப் பிழைப்பே மாறும். சுமார் 325 மீட்டர் உயரத்தில் மேட்டுப்பாளையம். அங்கே வாழையும் பாக்கும். கல்லாறு தாண்டி பர்லியாறு போனால், பருவத்தில் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான், துரியன். துரியனின் வாடை கடைக்கு முன்னாலேயே வந்து நிற்கும்! சுமார் 1,850 மீட்டரில் குன்னூர். சரிவெல்லாம் தேயிலை, கொழுந்து பறிக்கும் பெண்கள். 2,200 மீட்டருக்கு மேல் ஊட்டி. அங்கே கேரட்டும் உருளைக்கிழங்கும். மழை மண்ணை அடித்துக்கொண்டு போகாமலிருக்கச் சரிவைப் படிப்படியாக வெட்டிப் பயிரிடுகிறார்கள். விளைந்த மூட்டைகளில் பெரும்பங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கே இறங்கி, ஏலம் போய், வெளியூர்களுக்கு லாரி ஏறுகிறது.