முற்றத்தை நோக்கித் திரும்பிய வீடு: கொழும்பு ஏனா டி சில்வா இல்லத்தின் வடிவமைப்பு

ஆய்வுச்சுருக்கம்

வெப்பமும் நெரிசலும் மிக்க நகரில் ஒரு குடும்ப வீடு காற்றுக்குத் திறந்தும் தெருவுக்கு மூடியும் இருத்தல் வேண்டும். முரண்பட்ட இவ்விரு தேவைகளையும் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) ஒரே வீட்டில் நிறைவேற்றிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: முற்றம், காற்றோட்டம், வெப்பமண்டலக் கட்டடக்கலை, கொழும்பு, ஜெப்ரி பாவா.

முன்னுரை

ஆங்கிலேயர் காலத்துக் கொழும்புப் பங்களா விரிந்த தோட்டத்தின் நடுவே நின்றது. சுற்றிலும் திறந்தவெளி இருந்தமையால் சாளரங்கள் காற்றைத் தந்தன, தனிமையும் கெடவில்லை. மனைகள் சுருங்கிய பின்னரும் அவ்வமைப்பே தொடர்ந்தபோது, தோட்டம் வீட்டைச் சுற்றிய குறுகிய சந்தாயிற்று. சாளரத்தைத் திறந்தால் அண்டை வீட்டாரின் பார்வையும் தெரு இரைச்சலும் புகுந்தன. மூடினால் புழுக்கம் மிகுந்தது. பத்திக் துணிக்கலையில் புகழ்பெற்ற ஏனா டி சில்வாவின் குடும்பத்திற்காக 1960–62 காலப்பகுதியில் பாவா அமைத்த வீடு இச்சிக்கலுக்கு விடையாகிறது.

தட்பவெப்பநிலை

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. நண்பகல் ஞாயிறு ஆண்டில் பெரும்பகுதி உச்சியை ஒட்டியே நிற்பதால் சுவரைவிடக் கூரையே மிகுந்த வெயிலை ஏற்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசு; இரவிலும் அது பெரிதும் தணிவதில்லை. ஆகவே, பகல் வெப்பத்தைத் தடித்த சுவரில் தேக்கி இரவுக் குளிரில் வெளியேற்றும் பாலைநிலத்து முறை இங்குப் பயன்தருவதில்லை. காற்றில் ஈரம் மிகுதியாதலின் நீர் ஆவியாவதாலும் போதிய குளிர்ச்சி கிட்டாது. நிழலும், வியர்வையை உலர்த்தும் காற்றசைவுமே இத்தகைய நகருக்குரிய வழிகள்.

வீட்டின் அமைப்பு

பாவா திறந்தவெளியை வீட்டின் புறத்திலிருந்து அகத்திற்கு மாற்றினார். எல்லைச் சுவருக்குள் வீடு உள்நோக்கி அமைகிறது. நடுவே பெரிய முற்றமும் ஓரங்களில் சிறு முற்றங்களும் உள்ளன. இவற்றுக்கு இடைப்பட்ட அறைகளில் காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறுகிறது. சாய்வான ஓட்டுக்கூரையின் அகன்ற இறவாரமும் தாழ்வாரமும் வெயிலையும் சாரலையும் தடுப்பதால் மழையின்போதும் காற்றுவழி அடைபடுவதில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில் இவ்வீடு கண்ணாடியின்றி, உள்நாட்டுப் பொருள்களாலேயே கட்டப்பட்டது. நிழலும் காற்றும் முற்றத்தின்வழி கிடைத்தமையால் கண்ணாடியின்மை ஒரு குறையாகவில்லை.

மரபுத் தொடர்ச்சி

நடுமுற்றம் பாவாவின் புதுக் கண்டுபிடிப்பன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு, சிங்கள வளவு வீடு, ஒல்லாந்தர் காலத்து நகர வீடு ஆகிய மூன்றிலும் அது காணப்படுகிறது. பழைய வடிவத்தின் பயனை உணர்ந்து, அதனைச் சுருங்கிய நகர மனைக்குப் பொருத்தியதே அவரது பங்களிப்பு எனலாம்.

முடிவுரை

நகரத்திற்கென உருவான இவ்வீடு நகரில் நிலைக்கவில்லை. மனை விற்கப்பட்டபின் வீடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. எனினும் அதன் பாடம் நகரங்களுக்கே உரியது. மனையில் எவ்வளவு இடம் திறந்துள்ளது என்பதைவிட அது எங்கே உள்ளது என்பதே முதன்மையானது. தனிவீட்டைச் சுற்றிப் புற இடைவெளி கோரும் கட்டட விதிகள், சிறு மனைகளில் முற்றத்திற்குரிய இடத்தைப் பயனற்ற சந்துகளாகப் பிரித்துவிடுகின்றன. அவ்விடைவெளியின் ஒரு பகுதியையேனும் முற்றமாகக் கணக்கிட விதிகள் இடமளிப்பின், குளிரூட்டியை மட்டுமே நம்பாத வீடுகள் பெருக வாய்ப்புண்டு.