பெயர் நம்முடையது, சொல் யாருடையது?

படிப்பை முடித்து வேலை தேடும் நம் இளையோர் பலர், இன்று முதலில் செய்வது லிங்க்ட்இன் என்ற இணையதளத்தில் தங்கள் பெயரைப் பதிவு செய்வதுதான். 2003ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இத்தளம், 2016ஆம் ஆண்டு முதல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உடைமையாக உள்ளது. 2023ஆம் ஆண்டில் இதன் உறுப்பினர் எண்ணிக்கை நூறு கோடியைத் தாண்டியது. நம் படிப்பையும், பணி அனுபவத்தையும், திறமைகளையும் பிறர் அறியச் செய்து, அதன் வழியாக வேலை வாய்ப்பைப் பெறுவது இதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால், அண்மை ஆண்டுகளில் அங்கு எழுதப்படுவனவற்றைப் படிக்கும்போது ஒருவித வெறுமை நம்மைத் தாக்குகிறது. ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். எல்லாம் ஒருவரே எழுதியதுபோல் இருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன? 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. 'தோல்வியிலிருந்து நான் கற்ற ஐந்து பாடங்கள் என்று ஒரு பதிவு எழுது' எனக் கேட்டால், சில நொடிகளில் அது எழுதித் தருகிறது. கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து பயிற்சி பெற்ற இக்கருவி, ஒரு சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியங்களைக் கோர்க்கிறது. அது ஒருநாளும் வேலையை இழந்ததில்லை. முதல் சம்பளத்தைத் தாயின் கையில் கொடுத்ததில்லை. பலரும் பல இடங்களில் சொன்னவற்றின் பொதுவான சாயலே அதன் எழுத்தில் தெரிகிறது. எனவே, அந்தப் பதிவில் பாடங்கள் ஐந்து இருக்கும், தோல்வி இருக்காது.

ஒரிஜினாலிட்டி ஏஐ என்ற நிறுவனம், 2018ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு அக்டோபர் வரை லிங்க்ட்இன் தளத்தில் வெளியான 8,795 நீண்ட ஆங்கிலப் பதிவுகளை ஆராய்ந்தது. அண்மைப் பதிவுகளில் 54 விழுக்காடு இயந்திரம் எழுதியவையாக இருக்கக்கூடும் என்று அது கூறியது. இத்தகைய எழுத்துக்களைக் கண்டறியும் கருவியை விற்பதே அந்நிறுவனத்தின் தொழில் என்பதால், இதனை ஒரு மதிப்பீடாக மட்டுமே எடுத்துக்கொள்வோம். ஆனாலும், படிப்போரின் உணர்வுக்கு அது ஒத்துப்போகிறது.

முழுப் பழியையும் இயந்திரத்தின்மேல் சுமத்திவிட முடியாது. நண்பர் ஒருவர் பதவி உயர்வு பெற்றால், ஒரு பொத்தானை அழுத்தி ஆயத்த வாழ்த்தை அனுப்பும் பழக்கம் இதற்கு முன்பே வந்துவிட்டது. மனமின்றிப் பேசும் வழக்கத்தை நாம்தான் தொடங்கினோம். நாம் எழுதிக் குவித்த வெற்றுச் சொற்களையும் படித்துத்தான் இயந்திரம் எழுதப் பழகியது. இன்று பதிவை ஓர் இயந்திரம் எழுத, பாராட்டை இன்னோர் இயந்திரம் எழுதும் நிலையும் வந்துள்ளது. இருவர் பேசுவதுபோல் தோன்றும் அந்த இடத்தில் உண்மையில் ஒருவரும் இல்லை.

இதனால் யாருக்கு இழப்பு? நமக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வேலைக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும் இளையோர், பங்குத்தந்தையிடம் நற்சான்றுக் கடிதம் கேட்டு வருவதுண்டு. 'இவரை எனக்குத் தெரியும்' என்பதே அக்கடிதத்தின் உயிர். அச்சடித்த ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் கையொப்பமிட்டுக் கொடுத்தால் என்ன நடக்கும்? சில மாதங்களில் அந்தப் பங்கின் கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். அப்போது அதிகம் பாதிக்கப்படுபவர், உண்மையிலேயே உழைத்து நற்பெயர் ஈட்டிய இளைஞரே. லிங்க்ட்இன் தளத்திலும் இதுவே நடக்கிறது. பத்து ஆண்டுகள் தறியிலோ, ஆய்வகத்திலோ, மருத்துவமனையிலோ பணியாற்றிக் கற்றதை ஒருவர் தம் சொந்தச் சொற்களில் எழுதினாலும், 'இதுவும் இயந்திரம் எழுதியதுதானே' என்ற ஐயம் அவர்மீதும் விழுகிறது. பொய்யான சான்று, உண்மையான சான்றின் மதிப்பையும் திருடிவிடுகிறது.

இந்த ஆபத்தை மக்கள் ஓரளவு உணர்ந்துள்ளனர். அத்தளமே தரும் எழுத்துதவிக் கருவி எதிர்பார்த்த அளவு வரவேற்பைப் பெறவில்லை என்று, 2025ஆம் ஆண்டு ஜூனில் அதன் தலைமைச் செயல் அலுவலர் ரயன் ரொஸ்லான்ஸ்கி கூறினார். அங்கு எழுதுவது ஒருவரின் தன்விவரக் குறிப்புக்கு இணையானது என்பதால், பெயர் கெடுமோ என மக்கள் தயங்குவதாக அவர் விளக்கினார்.

அப்படியானால் இக்கருவிகளைத் தொடவே கூடாதா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. ஆங்கில வழியில் படிக்க வாய்ப்பின்றி, தன் விண்ணப்பத்தில் இலக்கணப் பிழை வந்துவிடுமோ என அஞ்சும் ஒரு கிராமத்து மாணவிக்கு இது பெரும் துணை. அவரிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. கருவி அதனைத் திருத்தித் தருகிறது. சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது, இருப்பதுபோல் காட்டுவதே தவறு.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், 2024ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாளுக்கென வழங்கிய செய்தியில், செயற்கை நுண்ணறிவையும் இதயத்தின் ஞானத்தையும் இணைத்துச் சிந்திக்க நம்மை அழைத்தார். 2025ஆம் ஆண்டு சனவரி 28ஆம் தேதி வத்திக்கான் வெளியிட்ட 'அந்திகுவா எத் நோவா' என்ற ஏடு, இயந்திரத்தை மனிதராகக் காட்டுவதைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. நம் பெயரையும் புகைப்படத்தையும் மேலே வைத்து, வாழாத வாழ்வை நம் அனுபவமாக எழுதச் செய்வது அந்த எல்லைக்கு மிக அருகில் செல்லும் செயல்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளிடம் இதுபற்றிப் பேசுங்கள். இளையோரே, ஒரு பதிவை வெளியிடும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் கண்களைப் பார்த்து இதைச் சொல்ல முடியுமா? அவர் 'எப்போது, எங்கே?' என்று கேட்டால் பதில் இருக்கிறதா? இருந்தால் துணிந்து எழுதுங்கள்; நடை சற்றுத் தடுமாறினாலும் பரவாயில்லை. இல்லையென்றால், அன்று ஒன்றும் எழுதாமல் இருப்பதே மேல். பணி உயர்வு பெற்ற நண்பருக்கு அன்று ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.