சுடரில் பிறக்கும் மணி, விரலில் பிறக்கும் மாலை

கண்ணாடி மணி செய்பவரின் மேசையில் எரிவாயுச் சுடர் ஒன்று சீறிக்கொண்டிருக்கும். ஒரு கையில் மெல்லிய எஃகுக் கம்பி. அதன் நுனியில் களிமண் குழம்பு பூசிக் காயவைத்திருப்பார்கள். மறு கையில் வண்ணக் கண்ணாடிக் குச்சி. சுடரில் குச்சியின் முனை சிவந்து இளகித் தொங்கும் நேரம் பார்த்துக் கம்பியில் தொட்டுச் சுற்ற வேண்டும். அதன்பின் கம்பியின் சுழற்சி ஒரு கணமும் நிற்கக் கூடாது. நின்றால் இளகிய கண்ணாடி ஒரு பக்கம் இறங்கி மணி கோணிவிடும். உருண்டை அமைந்ததும் அதன்மேல் வேறு நிறத்தில் புள்ளி, கோடு, இதழ் என்று வைத்துக்கொண்டே போகலாம். ஆறியபின் களிமண் உதிரும், கம்பி கழன்று வரும், அது இருந்த இடமே நூல் போகும் துளை.

இத்தாலியின் வெனிஸ் நகரிலும் அதை ஒட்டிய முரானோ தீவிலும் இப்படிச் செய்யும் மணிகளைப் 'பெர்லே அ லூமே' என்பார்கள். அங்கே பழைய வழக்கம் எஃகுக் கம்பிக்குப் பதில் செம்புக் கம்பி. மணி ஆறியதும் அமிலத்தில் போட்டுச் செம்பை மட்டும் கரைத்துவிடுவார்கள்.

செய்த மணியை அப்படியே வெளியில் வைத்து ஆறவிட முடியாது. மேற்புறம் முதலில் குளிர்ந்து சுருங்கும், உட்புறம் சூட்டோடு விரிந்தே நிற்கும், அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். அன்று முழுசாகத் தெரிகிற மணி சில வாரம் கழித்து அணிந்திருப்பவரின் கழுத்திலேயே விரிசல் விடலாம். அதனால் ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள சிறு சூளையில் வைத்து, மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சூட்டைக் குறைப்பார்கள். ஒரே அளவில் விரிந்து சுருங்கும் கண்ணாடிகளைத்தான் ஒரு மணியில் சேர்க்கலாம் என்பதும் கட்டாயம். சோதனைக்கூடக் குடுவைக்கான போரோசிலிக்கேட் கண்ணாடியையும் முரானோவின் மென்கண்ணாடிக் குச்சியையும் சேர்த்து உருக்கினால், எவ்வளவு அழகாக வந்தாலும் அது உடையும்.

நிறங்களின் கதை தனி. கோபால்ட் ஆழ்ந்த நீலம் தரும். ரோஜாச் சிவப்புக்குத் தங்கமே வேண்டும். மிக நுண்ணிய தங்கத் துகள்தான் கண்ணாடிக்குள் அந்தச் சிவப்பாகத் தெரிகிறது. எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது அவெஞ்சுரின். பார்ப்பவர்கள் பொன்தூள் தூவியது என்றே நினைப்பார்கள். உண்மையில் அது கண்ணாடி மெல்லக் குளிரும்போது அதற்குள் தானாக விளையும் செம்புப் படிகம். பதினேழாம் நூற்றாண்டு முதல் முரானோ இதைச் செய்துவருகிறது. அன்றைக்குச் சில குடும்பங்கள் மட்டுமே பொத்திவைத்திருந்த ரகசியம் இது.

தீவிபத்துக்குப் பயந்து 1291ல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை முரானோவுக்கு மாற்றியது. ரகசியம் வெளியே போகாதபடி கலைஞர்கள் ஊரைவிட்டு நீங்கவும் தடை இருந்தது. தந்தைக்குப் பின் மகன் என்று உலைகள் கைமாறிவந்த அந்த ஊரில் ஒரு பெண்ணின் பெயரும் ஆவணத்தில் நிற்கிறது: மரியெட்டா பரோவியேர். தெளிந்த கிரிஸ்டல் கண்ணாடிக்குப் பேர்போன ஆஞ்செலோ பரோவியேரின் மகள். 1487ல் சிறிய உலை ஒன்றைத் தனக்கென வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. 'ரொசெட்டா' மணியை உருவாக்கியவர் அவர்தான் என்பது முரானோவின் மரபு. வெள்ளை, நீலம், செங்கல் சிவப்பு என்று கண்ணாடியை அடுக்கடுக்காக அச்சில் வார்த்து, நீளமாக இழுத்து, துண்டாக்கி, இரு முனைகளையும் சாணை பிடித்தால் உள்ளே பன்னிரண்டு முனை நட்சத்திரம் வெளிப்படும். அடுத்த நூற்றாண்டுகளில் இந்த மணி ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. யானைத் தந்தத்துக்கும் பொன்னுக்கும் மட்டுமல்ல, மனிதர்களுக்கும் விலையாகக் கண்ணாடி மணி எண்ணிக் கொடுக்கப்பட்டது. அதன் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மணி செய்வதோடு நகை முடிவதில்லை. கோர்க்க வேண்டும். முரானோ உலைகளிலிருந்து 'கொன்தெரியே' என்ற கடுகளவு மணிகள் மூட்டை மூட்டையாக வெளியேறின. அவற்றைச் சரமாக்கியவர்கள் வெனிஸின் ஏழைப் பெண்கள். 'இம்பிரரெஸ்ஸே' என்று அவர்களுக்குப் பெயர். கஸ்தெல்லோ, கன்னரேஜோ பகுதிகளின் சந்துகளில், வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். மடியில் ஒரு மரத்தட்டு, அதில் மணிக் குவியல். நீண்ட ஊசிகள் பலவற்றை விசிறிபோல் விரித்துப் பிடித்துக் குவியலுக்குள் செலுத்தி எடுத்தால், ஒவ்வொரு ஊசியிலும் மணிகள் ஏறியிருக்கும். மறுபடி செலுத்துவார்கள். ஊசி நிறைந்ததும் மணிகளை நூலுக்குத் தள்ளுவார்கள். காலை தொடங்கி வெளிச்சம் மங்கும்வரை இதே வேலை. சிறுமிகள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பழகினார்கள். ஆலைக்கும் இவர்களுக்கும் நடுவில் வேலை பங்கிடும் இடைத்தரகிகள் உண்டு. கூலி அவர்கள் கையைத் தாண்டித்தான் வரும். அந்த அற்பக் கூலியை எதிர்த்து 1904ல் இந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் தரையில் துணி விரித்துப் பாசிமணி கோர்த்து விற்கும் நரிக்குறவப் பெண்களின் விரல் வேகத்தைக் கவனித்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய தேர்ச்சி என்று விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1880களின் தொடக்கத்தில் இந்தப் பெண்களை வரைந்தார். ஓவியத்தின் கீழே அவர் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்களின் பெயர் இல்லை. முரானோவின் பூச்சாடிகளுக்கு ஆசானின் பெயர், ஆண்டு எல்லாம் அருங்காட்சியகச் சீட்டில் உண்டு. மாலைகளுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. துளையில் நூல் நுழையும்வரை அது வெறும் மணிதான். அதை நகையாக்கிய உழைப்பு கணக்கிலேயே வராமல் போனது பெரிய அநியாயம் என்பேன்.

மணித் தொழிற்சாலைகள் பல ஒன்றுசேர்ந்து 1898ல் உருவான 'சொசியதா வெனெசியானா கொன்தெரியே' நிறுவனம் 1990களில் மூடப்பட்டது. கடுகு மணிகள் இன்று பெரும்பாலும் செக் நாட்டிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகின்றன. மணி செய்வதில் முரானோவில் மிஞ்சியது சுடர் மணிக்காரர்களின் சிறு பட்டறைகள். 2022ல் எரிவாயு விலை எகிறியபோது பெரிய உலைகள் பலவற்றை அணைக்க வேண்டிவந்தது. போதாக்குறைக்கு, வேறெங்கோ செய்த மலிவு மணிகள் வெனிஸ் கடைகளிலேயே முரானோ என்ற பெயரில் விலைபோகின்றன. இதைத் தடுக்க வெனிஸ் அடங்கிய வெனெத்தோ மாகாண அரசு 'வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ' என்ற முத்திரையை ஏற்படுத்தியது.

2020 டிசம்பரில் இத்தாலியும் பிரான்சும் சேர்ந்து விண்ணப்பித்த கண்ணாடி மணிக் கலையை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உலைக்காரர்கள், சுடர் மணிக்காரர்களோடு மணி கோர்க்கும் பெண்களின் கலையும் அதில் இடம்பெற்றது. மூடிய ஆலைகளின் பழைய இருப்பில் கிடக்கும் கடுகு மணிகளைத் தேடி எடுத்து, ஊசி விசிறி பிடிக்கக் கற்றுக்கொண்டு, பூக்களும் மாலைகளும் செய்யும் பெண்கள் வெனிஸில் இன்றும் இருக்கிறார்கள். அங்கே போய் மாலை வாங்குகிறவர்கள் முத்திரையைப் பாருங்கள், துளையின் விளிம்பு சீராக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கோர்த்தவர் பெயரையும் கேட்டு வாங்குங்கள்.