உங்களுக்குத் தெரியுமா? ஓடுபாதை முடிந்த பிறகும் ஒரு பிரேக்!

சிறு விமானம் உரிய வேகத்தைவிட 10 சதவீதம் கூடுதலாக வந்து தரை தொட்டால், நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறக்குறைய 21 சதவீதம் கூடிவிடும். தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் வரும் வினை இது. பின்னாலிருந்து வீசும் காற்றும் ஈரமான ஓடுபாதையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். மறுபடி மேலே ஏறி ஒரு சுற்று சுற்றி வந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். என்ன செய்ய, 'இறங்கிவிடலாம்' என்ற நினைப்பே முந்திக்கொள்கிறது.

கலிபோர்னியாவின் பர்பாங்க் விமான நிலையத்தில் 2000 மார்ச்சில் ஒரு பயணிகள் விமானம் ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்துக்கொண்டு, சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் அருகே போய் நின்றது. அதன் பிறகு ஓடுபாதை முனையில் 'இமாஸ்' என்ற தடுப்புப் படுகையைப் பதித்தார்கள். காற்றுக் குமிழ்கள் நிறைந்த மென்கான்கிரீட் கட்டிகள். சக்கரம் ஏறியதும் அப்பளமாய் நொறுங்கி, வேகத்தை விழுங்கிவிடும்.

2006 அக்டோபர் 13 அன்று பேஸ்பால் நட்சத்திரம் அலெக்ஸ் ரோட்ரிகஸ் வந்த தனியார் ஜெட் இந்தப் படுகையில்தான் சிக்கி நின்றது. யாருக்கும் காயமில்லை. அவருடைய யாங்கீஸ் அணித்தோழர் கோரி லிடில் நியூயார்க்கில் சிறு விமான விபத்தில் இறந்து அப்போது இரண்டே நாள்தான் ஆகியிருந்தது!

நாலு பேர் அமரும் குட்டி விமானங்களுக்கு மட்டும் இந்தப் படுகை அவ்வளவாக உதவாது. கட்டிகளை நொறுக்கும் கனம் அவற்றுக்கு இல்லை.