எஃகுக்குள் நுழையும் ஹைட்ரஜன்

கவரைப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பிளேட்டிங் பட்டறையில் வேலையாம். துத்தநாகம் பூசிய போல்ட்டை மறுபடி ஏன் ஓவனில் வைக்கவேண்டும், கரண்டுதானே வீண் என்று கேட்கிறார்.

வீணே இல்லை. ஆசிட் தொட்டியில் முக்கும்போதும் மின்சாரம் பாய்ச்சிப் பூசும்போதும் ஹைட்ரஜன் உண்டாகிறது. பெரும்பகுதி குமிழியாகப் போய்விடும்; கொஞ்சம் தனித்தனி அணுவாக எஃகுக்குள் புகுந்துவிடும். எங்கள் ஊர் வீட்டுச் சுவரில் மழைத்தண்ணீர் விரிசல் பார்த்து இறங்கும். ஹைட்ரஜனும் அப்படித்தான், இழுவிசை மிகுந்த இடம் பார்த்துச் சேரும். முறுக்கிய அன்று போல்ட் நன்றாகவே இருக்கும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து, யாரும் தொடாமலே, பட்டென்று தலை தெறிக்கும். 2013-இல் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தில் முறுக்கிவைத்த 96 கம்பிகளில் 32 இப்படி ஒடிந்தன.

எனக்குச் சலிக்காத சோதனை ஒன்று உண்டு. 1875-இல் டபிள்யூ. எச். ஜான்சன் என்பவர், ஆசிட்டில் சற்று நேரம் ஊறிய இரும்புக் கம்பியை வளைத்தார், ஒடிந்தது. ஒடிந்த முகத்தை நனைத்தால் நுரை பொங்கியது. அதே போன்ற கம்பியைச் சில நாள் சும்மா போட்டுவைத்தால் பழையபடி வளைந்தது. சூடு காட்டினால் இன்னும் சீக்கிரம். நோயையும் மருந்தையும் ஒருவரே கண்டிருக்கிறார்.

உங்கள் ஓவன் அந்த மருந்துதான். சாதாரண போல்ட்டுக்குத் தேவைப்படாது. தலையில் மிகு வலிமையைக் குறிக்கும் 12.9 என்று அச்சிருந்தால், பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்தாகவேண்டும். விரிசல் விழுந்தபின் வைத்துப் பயனில்லை. கரண்டுக் கணக்குப் பார்ப்பவர்கள், அந்த போல்ட் எந்தக் கிரேனில் போய் உட்காரும் என்றும் பார்க்கவேண்டும். தொட்டியடியில் நிற்பவருக்கு இதை யாரும் சொல்லித்தராதது பெரிய அநியாயம்.

இதே ஹைட்ரஜனோடு கல்பாக்கத்திலும் மல்லுக்கட்டு நடக்கிறது. அணு இணைவு உலைக்காக, 9 சதவீதக் குரோமியமும் 1.4 சதவீத டங்ஸ்டனும் சிறிது டாண்டலமும் கலந்த எஃகை அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், குஜராத்தின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தோடும் ஐதராபாத்தின் மிதானி உலோக நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கியது. இணைவு உலையில் ஆசிட் வேண்டாம். வேகமான நியூட்ரான் இரும்பின் அணுக்கருவில் மோதிப் புரோட்டானை வெளியே தள்ளும். ஹைட்ரஜன் எஃகுக்குள்ளேயே பிறக்கும். உலைச் சுவர் சூடாக இருக்கும்வரை அது தங்காமல் ஓடிவிடும். உலையை நிறுத்திக் குளிரவிடும்போது உள்ளே மிஞ்சியதுதான் எஃகை நொறுங்கவைக்கும்.